எல்லை காத்த இளவரசர்

தில்லி சுல்தான்களின் வரலாற்றைப் பயிலும்போது, அரியணையில் அமர்ந்தவர்களின் பெயர்களையே நாம் வரிசையாக நினைவில் நிறுத்துகிறோம். அரியணை ஏறுமுன்பே மறைந்தவர்களுக்கு அவ்வரிசையில் இடமில்லை. ஆயினும் அவ்வாறு மறைந்த ஒருவரை நாம் எளிதில் கடந்து செல்ல இயலாது. கியாசுத்தீன் பல்பனின் தலைமகனாகப் பிறந்து, முல்தானில் ஆளுநராக அமர்ந்து, 1285-ஆம் ஆண்டில் மங்கோலியரோடு பொருது உயிர் நீத்த முகம்மது கான் என்பவரே அவர். வாழ்ந்த காலத்தில் அவருக்கு எத்தனையோ பட்டங்கள் இருந்தன. இறந்தபின் மக்கள் இட்ட ‘கானே ஷஹீத்’, அதாவது ‘உயிர்த்தியாகம் செய்த கான்’ என்னும் பெயரே நிலைத்துவிட்டது. தந்தையின் ஆட்சிக்குத் தாங்குதூணாக நின்றவர் அவர். அத்தூண் சாய்ந்த ஐந்து ஆண்டுகளுக்குள் பல்பன் வமிசத்தின் தில்லி அரசும் சாய்ந்தது.

மகனைப் பற்றிச் சொல்வதற்குமுன் தந்தையைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். பல்பன் அடிமையாக விற்கப்பட்டு 1232-இல் தில்லிக்கு வந்தவர். சுல்தான் இல்துமிஷ் அவரை விலைக்கு வாங்கினார். அடிமை நிலையிலிருந்து படிப்படியாக உயர்ந்து, இல்துமிஷின் மகன் நாசிருத்தீனுடைய ஆட்சியில் அரசாங்கத்தையே நடத்தும் பதவிக்கு வந்து, 1266-இல் தாமே முடி சூடிக்கொண்டார். அரசன் என்பவன் பிறர் அணுகவும் அஞ்சும் நிலையில் இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. பண்டைப் பாரசீக மன்னர்களின் சபை ஆசாரங்களைத் தில்லியில் புகுத்தினார். தம் பேரர்களுக்குக் கைகுஸ்ரு, கைகுபாத் என்று பழம் பாரசீக வேந்தர்களின் பெயர்களையே சூட்டினார். விலைக்கு வாங்கப்பட்ட ஒருவர் குலப்பெருமைக்காக இத்தனை பாடுபட்டது வியப்பன்று. அதன் தேவையை அவரைக் காட்டிலும் நன்கு உணர்ந்தவர் எவர் இருந்திருக்க முடியும்?

அவருடைய அச்சம் முழுவதும் வடமேற்கே இருந்தது. 1241-இல் மங்கோலியர் லாகூரைப் பாழாக்கியிருந்தனர். 1258-இல் பக்தாது நகரம் ஹுலாகுவின் படைகளுக்கு இரையாகி, கலீபாவே கொல்லப்பட்டார். மத்திய ஆசியாவிலும் ஈரானிலும் நாடிழந்த அரச குமாரர்களும் அறிஞர்களும் தில்லியை நாடி வந்து குடியேறினர். அவரவர் நாட்டின் பெயராலும் குலத்தின் பெயராலும் தில்லியில் தெருக்கள் தோன்றின என்று பிற்கால வரலாற்றாசிரியர் பிரிஷ்தா கூறுகிறார். இவ்வாறு வந்து சேர்ந்தோரின் கதைகளைக் கேட்டுக்கொண்டிருந்த நகரத்திற்கு மங்கோலியர் என்ற சொல்லே நடுக்கம் தருவதாக இருந்திருக்கும்.

மாளவம், குஜராத் முதலிய நாடுகளின் மீது படையெடுத்தல் ஆகாதா என்று அமைச்சர்கள் பல்பனைக் கேட்டனராம். நாம் தலைநகரை விட்டு நெடுந்தொலைவு சென்றால் மங்கோலியர் தில்லியைக் கொள்ளையிடுவர், இருப்பதைக் காப்பதே இப்போதைய கடமை என்று அவர் மறுத்துவிட்டார். ஜியாவுத்தீன் பரணி இதனைத் தம் நூலில் குறித்திருக்கிறார். பல்பனின் இருபதாண்டு ஆட்சியில் நாடு பெரிதாக விரியாமைக்கு இதுவே காரணம். புதிய நாடுகளை வெல்லச் செலவாகியிருக்கும் குதிரையும் பொன்னும் எல்லைக் கோட்டைகளுக்குச் சென்றன. லாகூரை மீண்டும் எழுப்பிக் குடியேற்றியதும் அவரே.

எல்லைப்புறத்தை நெடுங்காலம் காத்து வந்தவர் ஷேர்கான் என்னும் உறவினர். மங்கோலியர் அவரைக் கண்டு அஞ்சினர். தில்லிச் சுல்தானும் அவரைக் கண்டு ஓரளவு அஞ்சினார் என்று தோன்றுகிறது. பல்பன் முடி சூடியபின்னும் ஷேர்கான் தில்லிக்கு வந்து பணிந்தாரில்லை. ஏறத்தாழ 1270-இல் அவர் இறந்தார். சுல்தானின் ஏவலால் நஞ்சூட்டப்பட்டே இறந்தார் என்று பரணி எழுதுகிறார். அது உண்மையாயின் பல்பன் தம் கையாலேயே எல்லையின் காவலைத் திறந்துவிட்டவராகிறார். ஷேர்கானுக்கு அஞ்சி அடங்கியிருந்த கூட்டத்தார் தலையெடுத்தனர், மங்கோலியரின் சூறையாட்டமும் பெருகியது. வல்லவனான அதிகாரியை நம்ப இயலவில்லை, வல்லமையற்றவனால் பயனில்லை. இந்த இக்கட்டிலிருந்து மீள ஒரு வழியே இருந்தது. வல்லவனாகவும் நம்பத் தக்கவனாகவும் உள்ள ஒருவனைச் சொந்த வீட்டிலேயே தேடுவது அது. பல்பன் தம் மூத்த மகனுக்கு அரச குடையை அளித்து, தமக்குப்பின் பட்டத்துக்குரியவர் என்று அறிவித்து, சிந்து நாட்டையும் முல்தானையும் அவர் ஆளுகையில் வைத்து அனுப்பினார்.

முல்தான் இன்று பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் செனாப் நதியை அடுத்து உள்ளது. வெயிலுக்கும் புழுதிக்கும் பெயர்பெற்ற ஊர். ஆயினும் பதின்மூன்றாம் நூற்றாண்டில் அதனினும் செழிப்பான வணிக நகரங்கள் வட இந்தியாவில் மிகச் சிலவே இருந்தன. குராசானிலிருந்து வரும் வணிகக் கூட்டங்கள் தங்கும் இடம் அது. போருக்கு இன்றியமையாத குதிரைகள் வரும் வழிகளுள் ஒன்றும் அதுவே. முல்தானி வணிகர் தில்லி வரையிலும் கொடுக்கல் வாங்கல் நடத்தினர். பல்பன் காலத்துப் பிரபுக்கள் கொடையாலும் விருந்தாலும் கைப்பொருளைச் செலவழித்துவிட்டு, தங்கள் பகுதிகளிலிருந்து வரவேண்டிய வரிப்பணத்தின்மேல் இவர்களிடம் கடன் வாங்கினர். பிரபுக்களின் வருவாய் முல்தானிகளின் வீட்டிற்கே சென்றது என்று பரணி சற்று வெறுப்போடு எழுதுகிறார்.

இத்தகைய நகரின் ஆளுநருக்கு இரண்டு முகங்கள் வேண்டும். ‘இக்தா’ எனப்படும் வருவாய்ப் பகுதியின் அதிபராக நிலவரியைத் திரட்டி, அதிலிருந்து படைக்கு ஊதியம் கொடுத்து, எஞ்சியதைத் தில்லிக்கு அனுப்புவது ஒன்று. படைத்தலைவராகக் குதிரைமேல் இருந்து எல்லையைக் காப்பது மற்றொன்று. முகம்மது கான் ஆண்டுதோறும் முல்தானிலிருந்து திரவியத்துடனும் குதிரைகளுடனும் தில்லிக்கு வந்து, தந்தையோடு சில நாள் தங்கி, பரிசில் பெற்று மீள்வார். ஆண்டுக்கு ஒருமுறை நேரில் வந்து நிற்கும் ஆளுநர் மீது ஐயம் எழுவதற்கு இடமில்லை. ஷேர்கான் செய்யத் தவறியது அதுவே அன்றோ?

இளைய மகன் புக்ராகான் வேறு வகையானவர். அவரைச் சுல்தான் ஸமானா, ஸுனாம் என்னும் ஊர்களில் அமர்த்தினார். இவ்வூர்கள் இன்றைய இந்தியப் பஞ்சாபில் உள்ளன. முடி சூடியபின் மதுவைத் துறந்த பல்பன், இளைய மகன் குடியில் மூழ்குவதைக் கேட்டு, அதை விடாவிடில் பதவியிலிருந்து நீக்கிவிடுவதாக அச்சுறுத்தினார். நடப்பதை அறிவிக்க ஒற்றரையும் வைத்தார். மூத்தவருக்கு இவ்வளவு கெடுபிடி தேவைப்படவில்லை.

இனி முல்தான் சபைக்குள் நுழைவோம். அங்கே இளவரசர் முன்னிலையில் பிர்தௌஸியின் ஷாநாமாவையும், ஸனாயி, காகானி ஆகியோரின் கவிதைத் தொகுதிகளையும், நிஸாமியின் ஐந்து காவியங்களையும் படிப்பார்கள். கவிதையின் நயங்களைப் பற்றி அறிஞர் வாதிடுவார்கள். இளவரசர் நாள் முழுவதும் சபையில் இருப்பினும் அமர்ந்த நிலை பிறழமாட்டார் என்று பரணி சொல்கிறார். மது அருந்தும் கூட்டத்திலும்கூட அவர் வாயிலிருந்து தகாத சொல் வந்ததில்லையாம். ஆணையிடும்போது ‘உண்மையாக’ என்ற ஒரு சொல்லுக்கு மேல் அவர் எதுவும் சொல்லமாட்டார். பிரபு குலத்தார் பேச்சுக்குப் பேச்சு ஆணையிட்ட காலத்தில் அது குறித்துவைக்கத் தக்க செய்தியாகவே இருந்திருக்கும்.

மற்றொரு காட்சியையும் பரணி காட்டுகிறார். ஷெய்கு உஸ்மான் திர்மிதி என்ற பெரியார் முல்தானுக்கு வந்தார். அவர் அங்கேயே தங்க வேண்டும், அவருக்காக ஒரு மடம் கட்டிக் கிராமங்களை மானியமாக விடுகிறேன் என்று இளவரசர் வேண்டியும் அவர் இசையவில்லை. ஒருநாள் அப்பெரியாரும், முல்தானின் புகழ்பெற்ற ஞானி பஹாவுத்தீன் ஸகரியாவின் மகனாகிய ஷெய்கு ஸத்ருத்தீனும் சபையில் இருந்தனர். அரபுப் பாடல் ஒன்றைக் கேட்ட துறவியர் பரவசமுற்று எழுந்து ஆடினர். அவர்கள் ஆடி ஓயும்வரை இளவரசர் கைகட்டி நின்று கண்ணீர் வடித்தாராம்.

இந்தச் சபையில்தான் இரண்டு இளங் கவிஞர்கள் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் அமீர் குஸ்ரு, மற்றவர் அமீர் ஹஸன். குஸ்ரு 1253-இல் பட்டியாலி என்ற ஊரில் பிறந்தவர். முதலில் பல்பனின் உறவினரான மாலிக் சஜ்ஜுவை அடுத்திருந்தார். பின்னர் புக்ராகானிடம் சேர்ந்து, அவரோடு வங்காளம் வரை சென்று, ஊர் நினைவு வாட்டத் தில்லிக்குத் திரும்பினார். அப்போது முகம்மது கான் தில்லிக்கு வந்திருந்தார். இளங் கவிஞரின் ஆற்றலைக் கண்டு உடன் அழைத்துச் சென்றார். குஸ்ருவும் ஹஸனும் ஐந்து ஆண்டுகள் முல்தானில் பணிபுரிந்து, இளவரசரிடம் ஊதியமும் பரிசிலும் பெற்றனர். பிற்காலத்தில் பாரசீகமொழி வழங்கிய நிலமெங்கும் பெயர் பரப்பிய குஸ்ருவுக்கு அப்போது வயது முப்பதுகூட ஆகவில்லை. வித்தை முளைவிடும்போதே கண்டுகொள்ளும் கண் எல்லாப் புரவலருக்கும் வாய்ப்பதன்று.

இளவரசர் தாமே ஓர் ஏட்டைத் தொகுத்து வைத்திருந்தார் என்றும், பழம் புலவர்களின் பாக்களிலிருந்து அவர் தேர்ந்தெடுத்த 20,000 ஈரடிகள் அதில் இருந்தன என்றும் பிரிஷ்தா கூறுகிறார். தேர்வின் நுட்பத்தைக் குஸ்ருவும் ஹஸனும் வியந்து பாராட்டினராம். அவ்வேடு நமக்குக் கிட்டியிருந்தால், பதின்மூன்றாம் நூற்றாண்டில் இந்தியாவில் ஓர் இரசிகர் எதனை நல்ல கவிதை என்று கருதினார் என்பதை நேரே அறிந்திருக்கலாம்.

அதனினும் புகழ்பெற்ற செய்தி ஒன்று உண்டு. குலிஸ்தான், போஸ்தான் என்னும் நூல்களை இயற்றிய ஷெய்கு ஸஅதி அப்போது ஷிராஸ் நகரில் வாழ்ந்துகொண்டிருந்தார். முகம்மது கான் இருமுறை ஆளனுப்பி, வழிச்செலவுக்குப் பொருளும் அனுப்பி, முல்தானுக்கு எழுந்தருள வேண்டும் என்று அழைத்தார். மடம் கட்டி, அதற்குக் கிராமங்களை எழுதிவைக்கவும் எண்ணியிருந்தார். முதுமையால் வர இயலாது என்று விடை எழுதிய ஸஅதி, இருமுறையும் தம் கையெழுத்திலேயே கஸல் பாடல்களை எழுதி அனுப்பினார். மலைகளையும் பாலைகளையும் கடந்து, மங்கோலியர் ஆதிக்கத்திலிருந்த நாடுகளின் ஊடே, ஒரு கவிஞருக்காகத் தூதர்கள் இருமுறை சென்று மீண்டிருக்கிறார்கள். முல்தான் வரலாற்றில் எத்தனையோ தூதுகள் சென்றிருக்கும். இவற்றைப் போன்றவை அரிது.

நேயர்களுக்கு இங்கே ஓர் ஐயம் எழலாம். புகழ்ந்தவர்கள் எல்லாரும் பரிசில் பெற்றவர்களாயிற்றே, அவர்கள் சொல்லை நம்பலாமா? நியாயமான ஐயமே. இதற்குப் பரணியின் நூலிலேயே விடை உண்டு. பரணி தம் வரலாற்றை எழுதி முடித்தது 1357-இல். இளவரசர் மறைந்து அப்போது எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. அவரைப் புகழ்ந்தால் பரிசளிக்க அவர் வழியினர் எவரும் அரியணையில் இல்லை. குஸ்ருவுக்கும் ஹஸனுக்கும் நெருங்கிய நண்பர் பரணி. அவ்விருவரும் முதுமையில் பழைய முல்தானை நினைந்து பேசியதைக் காதாரக் கேட்டவர். நமக்கும் மற்றக் கலைஞர்களுக்கும் நல்ல காலம் இருந்திருந்தால் அந்த இளவரசர் உயிரோடிருந்து அரியணை ஏறியிருப்பார் என்று அவர்கள் ஏங்கியதைப் பரணி பதிவு செய்திருக்கிறார். இதற்கிடையே குஸ்ரு பல சுல்தான்களிடம் பணிபுரிந்து, அளவற்ற செல்வமும் சிறப்பும் பெற்றுவிட்டார். அதன்பின்னும் பழைய புரவலருக்காக ஏங்கினார் என்றால், அதனைக் கூலிப் புகழ்ச்சி என்று தள்ளிவிட முடியாது.

இதற்கு எதிரான ஒரு கதையும் பிற்கால நூல்களில் காணப்படுகிறது. இளவரசர் மதுமயக்கத்தில் மனைவியை மும்முறை விலக்கிவிட்டார். மீண்டும் மணக்க வேண்டுமாயின் இடையே வேறொருவர் மணந்து விலக்குதல் வேண்டும் என்பது சட்டம். ஆகவே ஷெய்கு ஸத்ருத்தீனுக்கு அப்பெண்ணை மணம் செய்வித்தனர். ஷெய்கோ, அவளுடைய விருப்பத்தை அறிந்து விலக்க மறுத்துவிட்டார். சினங்கொண்ட இளவரசர் பழிவாங்கத் துணிந்த மறுநாளே மங்கோலியர் வந்தனர், அவர் மாண்டார். இதுவே கதை. ஞானியரை இகழ்ந்தவர் கெடுவர் என்பதை நாட்டப் புனைந்த கதையாகவே இது நமக்குத் தோன்றுகிறது. எவருடைய குறையையும் மறைக்கும் இயல்பில்லாத பரணி இதனைக் குறிக்கவில்லை. ஆயினும் அரசிளங்குமரரின் சினத்துக்கு முன் ஒரு பெண்ணின் விருப்பம் வென்றதாகக் கதை கட்டினார்களே, அந்த மனப்பாங்கைப் பாராட்டலாம்.

எல்லைக் காவல் எவ்வாறு நடந்தது என்பதை இனிப் பார்ப்போம். மங்கோலியப் படை சிந்து நதியைக் கடந்து வரும்போது மூன்று படைகள் ஒன்றுசேர்ந்து எதிர்க்கும். முல்தானிலிருந்து முகம்மது கான் வருவார். ஸமானாவிலிருந்து புக்ராகான் வருவார். தில்லியிலிருந்து பேக்தர்ஸ் என்னும் தளபதி வருவார். மூன்றும் சேர்ந்தால் 17,000 அல்லது 18,000 குதிரை வீரர் என்று பரணி கணக்கிடுகிறார். பெரிய எண்ணன்று. ஆயினும் விரைந்து கூடும் ஆற்றலால் அப்படை வெற்றி கண்டது. மங்கோலியர் பியாஸ் நதியைக் கடக்கத் துணியாத நிலை உண்டாயிற்று. தென்னாட்டில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் மதுரையிலிருந்து ஆண்ட அதே ஆண்டுகளில், வட இந்தியாவின் அமைதி இந்தச் சில ஆயிரம் குதிரைகளின் கால்களில் நின்றது.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு கடுஞ்சோதனையும் வந்தது. வங்காளத்தை ஆண்ட துக்ரில் கலகம் செய்து, தன்னைச் சுல்தான் என்று அறிவித்துக்கொண்டான். அவனை அடக்கச் சென்ற இரண்டு படைகள் தோற்று ஓடிவந்தன. முதுமையிலும் பல்பன் தாமே புறப்பட்டார். திரும்பி வர ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆயின. லக்னௌதி நகரின் கடைவீதியில் இருபுறமும் கழுமரங்களை நட்டு, துக்ரிலைச் சார்ந்தவர்களைக் கொல்வித்தார். அக்காட்சியைப் புக்ராகானுக்குக் காட்டி, கண்டாயா, கண்டாயா என்று மும்முறை வினவி, வங்காளத்தின் ஆட்சியை அவரிடம் ஒப்படைத்தார். பல்பனின் அரசியலில் இரக்கத்துக்கு இடமில்லை என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. மாலிக் சஜ்ஜுவும் புக்ராகானும் முகம்மது கானும் வளர்த்த கவிதை, இந்தக் கொடிய அமைதியின் நிழலிலேயே வளர்ந்தது.

மாளவத்துக்குக்கூடச் செல்ல அஞ்சிய சுல்தான் வங்காளத்தில் அத்தனை நாள் இருக்க முடிந்தது என்றால், மேற்கே மகன் இருந்தார் என்ற துணிவே காரணம். சுல்தான் தில்லிக்கு மீண்டதும் முகம்மது கான் வந்து கண்டார். தந்தையும் மகனும் அதன்பின் கூடியிருந்த நாள்களைப் பரணி விரிவாக வருணிக்கிறார். அரசநீதி பற்றிச் சுல்தான் மகனுக்கு உரைத்ததாக நெடிய உபதேசம் ஒன்றையும் எழுதியிருக்கிறார். அதில் பல்பனின் குரல் எவ்வளவு, பரணியின் குரல் எவ்வளவு என்று பிரித்தறிவது எளிதன்று. எழுபது ஆண்டுகளுக்குப் பின்னர் எழுதப்பட்ட உரை அது. தந்தை மகனைத் தழுவி விடைகொடுத்தார் என்னும் அளவில் நாம் நின்றுகொள்வது நல்லது.

1285-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தமர் என்ற மங்கோலியத் தலைவன் லாகூர், தீபால்பூர்ப் பகுதிகளுக்குள் புகுந்தான். அவனோடு 20,000 குதிரை வீரர் வந்தனர் என்பது பிரிஷ்தாவின் கணக்கு. முகம்மது கான் முல்தானிலிருந்து புறப்பட்டார். இம்முறை மூன்று படைகள் கூடவில்லை. புக்ராகான் வங்காளத்தில் இருந்தார். லாகூருக்கும் தீபால்பூருக்கும் இடையில் போர் நடந்தது. ஹிஜ்ரி 683-ஆம் ஆண்டின் இறுதி நாள், அதாவது 1285 மார்ச் 9, வெள்ளிக்கிழமை.

முதலில் வெற்றி இளவரசர் பக்கமே இருந்தது. மங்கோலியர் சிதறி ஓட, தில்லிப் படையினர் அவர்களைத் துரத்திச் சென்றனர். இளவரசர் சுமார் 500 பேருடன் ஒரு நீர்க்கரையில் தங்கி, இறைவனுக்கு நன்றி செலுத்தித் தொழுதுகொண்டிருந்தார். அருகிலிருந்த காட்டில் மறைந்திருந்த 2,000 மங்கோலியர் அப்போது பாய்ந்தனர். சிறிய கூட்டம் நெடுநேரம் எதிர்த்து நின்றது. அம்பு ஒன்று இளவரசர் மீது பாய்ந்தது. அவர் வீழ்ந்தார். இவ்வாறு விவரிப்பவர் பிரிஷ்தா. அவர் முந்நூறு ஆண்டுகளுக்குப் பிற்பட்டவர். பரணி போர் நடந்த இடத்தையும் இளவரசர் மாண்டதையும் மட்டும் சுருங்கக் கூறுகிறார்.

பிரிஷ்தாவின் விவரம் சரியாயின், படைத்தலைவர் என்ற முறையில் இளவரசர் பிழை செய்தார் என்றே சொல்ல வேண்டும். தோற்று ஓடுவதுபோல் ஓடி, துரத்துவோரைச் சிதறடித்து, பின் திரும்பித் தாக்குவது மங்கோலியரின் பழைய உத்தி. பதினைந்து ஆண்டுகளாக அவர்களோடு பொருதவர் அதனை அறியாதவர் அல்லர். சேனை முழுவதையும் துரத்தவிட்டுச் சிறு கூட்டத்துடன் தங்கியது தகாது. பட்டத்துக்குரிய ஒரே மகனைப் போர்முனையிலேயே வைத்திருந்த தந்தையின் ஏற்பாட்டிலும் குறை இருந்தது. எல்லையையும் வாரிசையும் ஒரே உயிரில் கட்டி வைத்தார் பல்பன். ஓர் அம்பு இரண்டையும் அறுத்தது.

அன்று சிறைப்பட்டவர்களுள் அமீர் குஸ்ருவும் ஒருவர். அந்த அனுபவத்தை அவரே கவிதையில் சொல்லியிருக்கிறார். ஒரு மங்கோலியன் அவரைத் தன் குதிரைக்கு முன்னே நடத்திச் சென்றான், சுமையும் சுமக்கச் செய்தான். வெயிலிலும் தாகத்திலும் நெடுவழி நடந்தபின் ஓர் ஓடையை அடைந்தனர். அந்த வீரனும் அவன் குதிரையும் வயிறு முட்ட நீர் பருகி, அங்கேயே விழுந்து மாண்டனர். குஸ்ரு உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டதனால் பிழைத்துத் தப்பினார். முல்தான் சபையில் மென்மொழியே பேசிய கவிஞர், மங்கோலியரின் தோற்றத்தையும் நாற்றத்தையும் வருணிக்கும்போது மட்டும் கடுஞ்சொற்களை வாரி இறைப்பதன் காரணம் இதனால் விளங்கும்.

அவர் தாயைக் காணப் பட்டியாலிக்குச் சென்றார். இளவரசருக்காக அவர் பாடிய இரங்கற்பாவைத் தில்லி மக்கள் பல நாள் தத்தம் வீட்டில் மாண்டவர்களை நினைந்து பாடி அழுதனர் என்று கூறுவர். அப்போரில் மாண்டவர்கள் எண்ணற்றவர்கள். ஒவ்வொரு தெருவிலும் ஒரு வீடாவது துயரில் ஆழ்ந்திருக்கும். ஹஸனோ உரைநடையில் ஓர் இரங்கலுரை எழுதினார். பிற்கால வரலாற்று நூல்கள் அதனைத் தம்முள் வாங்கிக்கொண்டதனால் அது அழியாமல் நமக்குக் கிடைத்தது. நம் இலக்கண நூலார் கையறுநிலை என்று பெயரிட்ட வகையைச் சேர்ந்தவை இவை. வகை ஒன்றாயினும் ஹஸனின் உரைக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. போர் நடந்த நாளையும் கிழமையையும் நாம் துணிந்து கூற முடிவது அதனாலேயே ஆகும்.

பல்பனுக்கு அப்போது வயது எண்பதைத் தாண்டியிருந்தது என்று பரணி கூறுகிறார். செய்தி வந்தபின்னும் அவர் பகலில் வழக்கம்போல் கொலுவிருந்தார். அரசாங்க அலுவல்களைக் கேட்டார், ஆணைகள் இட்டார். முகத்தில் எவ்வித மாற்றமும் காட்டவில்லை. இரவில் தனிமையில் ஆடையைக் கிழித்துக்கொண்டு, தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு அழுதார். அரசன் பிறர்முன் சிரிக்கவும் கூடாது என்று இருபதாண்டு ஆசாரம் காத்தவர் அவர். அழுகைக்கும் அந்த ஆசாரத்தை விலக்கவில்லை.

அவருக்கு எஞ்சியிருந்த மகன் புக்ராகான். வங்காளத்திலிருந்து அவரை வரவழைத்து, தம் பக்கத்தில் இருந்து அரசுரிமை ஏற்குமாறு வேண்டினார். சிறிது காலம் இருந்த புக்ராகானுக்குத் தில்லியின் சுமை பிடிக்கவில்லை. வேட்டைக்குச் செல்வதாகப் புறப்பட்டவர் லக்னௌதிக்கே போய்விட்டார். பெரிய அரசை வேண்டாம் என்று உதறிய அவரைக் கோழை என்பதா, அறிவாளி என்பதா? தில்லியில் இருந்தவர் எல்லாரும் மாண்டபின்னும் அவர் கிளை வங்காளத்தில் சில ஆண்டுகள் ஆண்டது என்பதை நினைத்தால் பின்னதையே நாம் சொல்லத் தோன்றுகிறது.

இதற்கிடையே முல்தானுக்கு முகம்மது கானின் மகன் கைகுஸ்ரு அனுப்பப்பட்டிருந்தார். 1287-இல் மரணப்படுக்கையில் பல்பன் அந்தப் பேரனையே வாரிசாக அறிவித்தார். சுல்தானின் கண்கள் மூடியதும் அந்த ஆணை காற்றில் பறந்தது. தில்லிக் கொத்தவால் பக்ருத்தீனுக்கு மறைந்த இளவரசரிடம் பகை இருந்தது. அவர் மகன் அரியணை ஏறுவதை அவன் விரும்பவில்லை. புக்ராகானின் மகன் கைகுபாத் பதினேழு பதினெட்டு வயது இளைஞர். அவரையே அரியணையில் அமர்த்தினார்கள். கொத்தவாலின் மருமகன் நிஸாமுத்தீன் புதிய சுல்தானைக் களியாட்டத்தில் ஆழ்த்திவிட்டு அதிகாரத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டான். கைகுஸ்ருவைத் தில்லிக்கு வரச்சொல்லி ஆணை சென்றது. நம்பி வந்த அந்த இளைஞரை வழியில் ரோஹ்தக் என்னும் ஊரில் கொன்றுவிட்டனர். தந்தையைக் கொன்றவர் பகைவர். மகனைக் கொன்றவர் சொந்த அரசாங்கத்தார். கைகுபாத் வாத நோயால் முடங்கி, 1290-இல் கொலையுண்டார். அத்துடன் ஆட்சி கில்ஜியர் கைக்குச் சென்றது.

ஒரு செய்தி நம் கருத்தைக் கவர்கிறது. கில்ஜி அரசை நிறுவிய ஜலாலுத்தீன், முன்னர் ஸமானாவில் எல்லைக் காவலராக இருந்தவர். முப்பது ஆண்டுகள் கழித்து, 1320-இல் துக்ளக் அரசை நிறுவிய காஸி மாலிக், தீபால்பூரில் மங்கோலியரோடு ஓயாது போரிட்டவர். முகம்மது கான் காத்த அதே எல்லையிலிருந்து இரு புதிய அரச குலங்கள் தில்லிக்கு வந்தன. எல்லைப்படை யார் கையில் இருந்ததோ அவர்கள் கையில் இறுதியில் அரியணையும் சேர்ந்தது. பல்பன் அந்தப் படையைத் தம் குடும்பத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ள முயன்றது காரணமின்றி அன்று.

குஸ்ரு அதன்பின் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தார். கைகுபாத் சுல்தானும் அவர் தந்தை புக்ராகானும் சரயு நதிக்கரையில் சந்தித்ததை 1289-இல் காவியமாகப் பாடினார். அலாவுத்தீனின் படைகள் 1311-இல் நம் பாண்டி நாட்டுக்கு வந்ததை எழுதியவரும் அவரே. 1318-இல் இயற்றிய ஒரு நூலில் இந்திய மொழிகளை எண்ணிச் சொல்லும்போது, தமிழை ‘மஅபரி’ என்ற பெயரால் குறித்திருக்கிறார். ஹஸன் தம் ஞானகுரு நிஸாமுத்தீன் அவுலியாவின் மொழிகளைத் தொகுத்து அழியாப் புகழ் பெற்றார். பின்னர் முகம்மது துக்ளக் காலத்தில் தௌலதாபாத்துக்குச் சென்று, அதனை அடுத்த குல்தாபாதில் அடக்கமானார்.

தில்லியில் குதுப் மினாருக்கு அருகே மெஹ்ரோலியில், கல்லும் சுண்ணமும் சிதைந்து, மேற்கூரை இழந்து நிற்கிறது பல்பனின் கல்லறை. முறையாக அமைந்த வளைவை இந்தியாவில் முதன்முதலில் அங்கே காண்கிறோம் என்று கட்டடக்கலை அறிஞர் அதனைப் போற்றுவர். அதனை அடுத்த அறையில் ஒரு சமாதி உள்ளது. அது கானே ஷஹீதுடையது என்று கூறுகிறார்கள்.